ஜெசிந்தாவின் கீழ் ஸ்தாயி

ஜெசிந்தா எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பாடத்தான் வந்தாள். 1992ஆம் வருஷம், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. குழுவை நடத்திவந்த சந்தானம் ஒரு பெண் குரலைத் தேடிக்கொண்டிருந்தார். விவேக் நகரில், குழந்தை யேசு கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், பாடகர் குழுவில் பாடுகிறாள், பகலில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பருத்திச் சேலையும் தோளில் ஒரு பெரிய பையுமாக ஒத்திகைக்கு வந்து நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும்.

ஒரு பாட்டைப் பாதிவரை பாடினாள். சுருதி இம்மியும் விலகவில்லை. ஆனால் குரல் வேறொரு மாடியில் குடியிருந்தது. பெண்கள் பாடும் இடத்தை விட்டு இறங்கி, எங்கள் ஆண் பாடகர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது நான் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். தொம்மலூரில் டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை என் பிழைப்பு. கச்சேரி சனி ஞாயிறுகளில். சுருதியை ஏற்றிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வரி பாடிவிட்டு, மூச்சுமுட்டி நிறுத்திவிட்டாள்.

சந்தானம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குரல் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா பாட்டுல வர்ற பொண்ணு இவ்ளோ கீழ பாட மாட்டா."

அவள் வருத்தப்படவில்லை. சிரித்தாள். "சர்ச்சுலயும் இதே பேஜார்தான் சார். என்னை ஆம்பளைங்க வரிசையில கொண்டுபோய் நிக்க வெச்சிட்டாங்க."

கிளம்பப் போனவள், மூலையில் சாத்தியிருந்த பேஸ் கிட்டாரைப் பார்த்து நின்றாள். எங்கள் பேஸ் வாசிப்பவர் துபாயில் ஹோட்டல் வேலை கிடைத்து, முந்தின மாதம்தான் விமானம் ஏறியிருந்தார். அவர் விட்டுப்போன வாத்தியம் தூசி தின்றுகொண்டிருந்தது.

"இத ஒரு தடவ எடுத்துப் பாக்கட்டா சார்?"

கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கும் பையன் ஒரு ஞாயிறும் நேரத்துக்கு வந்ததில்லையாம். அவனுக்குக் காத்திருந்த நேரங்களில் தானாகவே தடவித் தடவிப் பழகியிருக்கிறாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெல்ட்டைத் தோளில் மாட்டி, சற்று முன் தான் பாடிய அதே பாட்டுக்கு வாசித்தாள். அதிகம் ஒன்றும் இல்லை, நாலைந்து சுரங்கள். ஆனால் டிரம்ஸ்காரர் தலையை நிமிர்த்தினார். என் இடது கைக்கு வேலை குறைந்துபோனது போல இருந்தது. யாரோ கீழேயிருந்து பாட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

பேஸ் கிட்டாரின் தலையெழுத்து அப்படி. தடித்த நாலு கம்பி. அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. நிறுத்தினால் மட்டும் எல்லோரும் ஏதோ காணாமல் போய்விட்டது போலத் திரும்பிப் பார்ப்பார்கள். ஜெசிந்தாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. நாள் முழுக்கத் தலையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து, ஊர்பேர் தெரியாத இரண்டு பேரை இணைத்துவிட்டு விலகிக்கொள்ளும் வேலை பார்ப்பவள் அவள்.

அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் ஊரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, தமிழ்ப் பாட்டுக் கச்சேரி கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. நாங்கள் பாதிக்குப் பாதி கன்னடப் பாட்டு சேர்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். கல்யாண வரவேற்பு, கணபதிப் பந்தல், அம்மன் திருவிழா, கன்னட ராஜ்யோத்சவ விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஸ்ரீராம்புரத்தில் ஓர் ஆடித் திருவிழாவில், மேடைக்கு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பொறுமையிழந்து கத்தினார்: "யம்மா, எல்லாரும் பாடிட்டாங்க. நீ எப்பம்மா பாடுவ?"

ஜெசிந்தா வாசிப்பதை நிறுத்தாமலே குனிந்து சொன்னாள்: "வந்ததுலேருந்து பாடிக்கினுதான் இருக்கேன் தாத்தா. நல்லா கேளுங்க."

பெர்னார்ட் அவளைப் பார்த்தது பிரேசர் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பில். ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரியில் அவன் மாஸ்டர். மூன்றடுக்கு கேக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக வேண்டியவன், வெள்ளைக் கோட்டோடு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றுகொண்டிருந்தான். நாங்கள் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மெல்ல அவளருகில் வந்தான்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு சங்கீதம் ஒண்ணும் தெரியாது. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். நீங்க வாசிச்சது காதுல விழவே இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் நின்னீங்க?"

"வயித்துல விழுந்துச்சு," என்றான் அவன், வயிற்றில் கை வைத்துக் காட்டி.

அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. கேக் அவனே செய்தான். வரவேற்புக்கு நாங்கள்தான் வாசித்தோம். பாதியில் கல்யாணப் பெண் மேடையேறி, கவுனுக்கு மேலே பெல்ட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டுக்கு வாசித்தாள். மாப்பிள்ளை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

விபத்து 1996இல் நடந்தது. மழை விட்ட ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்தபோது எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் பழைய வலு திரும்பவில்லை. டம்ளர் பிடிக்கலாம், பட்டன் போடலாம், டெலிபோன் போர்டில் ஒயரைச் செருகலாம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைப் பலகையோடு சேர்த்து அழுத்த மட்டும் முடியாது. ஒரு பாட்டு முடிவதற்குள் முழங்கைவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று மாதம் ஒத்திகைக்கு வந்து பார்த்தாள். பிறகு ஒருநாள் அவளே சந்தானத்திடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். வந்தவன் கவியரசன், சேலத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தங்கமான குணம். அவனிடம் எந்தெந்தப் பாட்டுக்கு எங்கே எப்படி என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கமே வரவில்லை. கோயில் பாடகர் குழுவுக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போனால்கூட, பாட்டு ஆரம்பிப்பதற்குள் எழுந்து வந்துவிடுகிறாளாம்.

ஒரு மத்தியானம் பெர்னார்ட் என் கடைக்கு வந்தான். கையில் ஒரு பன் பொட்டலம். அதை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"பிரகாஷ், ஸன்னமான கம்பி போட்ட பேஸ் கிட்டார் கிடைக்குமா?"

"ஸன்னக் கம்பி போட்டா அது பேஸ் இல்ல பெர்னார்ட். சாதா கிட்டார்."

"கடைக்காரனும் அதேதான் சொல்லிச் சிரிச்சான்." அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "வீட்ல பேச்சே இல்ல. சண்டை போட்டாக்கூட பரவால்ல. ரேடியோல பாட்டு வந்தா போய் ஆஃப் பண்றா. நானே வாயத் தொறந்து பாடிக்காட்டினேன். அதுக்கும் சிரிக்கல. நான் பாடினா நாய்கூட சிரிக்கும்."

நான் யோசித்தேன். சாதா கிட்டாரின் ஆறு கம்பிகளில் மேலே உள்ள நாலும் பேஸின் அதே நாலு சுரங்கள்தான்; ஒரு ஸ்தாயி உயரம், அவ்வளவே. கம்பி மெல்லியது, லேசாகத் தொட்டாலே போதும். அந்தச் சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு, ராக் இசைக்காரர்கள் காலால் மிதித்து வாசிக்கும் பெடல்களில் அதுவும் ஒரு வகை என்று எங்கோ கேட்டிருந்தேன். ஆனால் நம் ஊரில் யாரிடம் இருக்கும் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாளிலிருந்து பெர்னார்ட் பேக்கரி வேலை முடிந்ததும் ஊரில் உள்ள ஒவ்வொரு மியூசிக் கடையாக ஏறி இறங்கினான். சிலர் இல்லை என்றார்கள், சிலர் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார்கள். கடைசியில் ஒரு கடையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் கிடந்தது. கையகலம், செங்கல் கனம். கடைப் பையன் அதை ஒரு கிட்டாரோடும் பெரிய ஸ்பீக்கரோடும் இணைத்து வாசித்துக் காட்டினான். பெர்னார்ட் ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழ போ," என்றான். பையன் ஒரு குமிழைத் திருப்பினான். "ஆங். இதுதான். பேக் பண்ணு."

கோயிலிலிருந்து ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறான்.

"எனக்கு வேணும்னு யார் கேட்டா?" என்றாள் ஜெசிந்தா. அந்தச் சண்டையின் பின்பாதிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை மாட்டிக் கொடுக்க வரச்சொல்லியிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"இது ஆட்டம் காட்ற பொம்மைங்க. என் கையி போச்சுன்னு போச்சு. வுட்டுடுங்களேன் என்னை."

"நான் வுட்டுட்டுதான் இருந்தேன் ஜெசி. ஒரு வருஷம் ஆச்சு. நீதான் எங்கயோ போயிட்ட."

அவள் சமையலறைக்குள் போனாள். டம்ளர்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று டீயோடு வந்தாள். என்னிடம் ஒன்றை நீட்டி, "நீங்களும் இதுக்குக் கூட்டா?" என்றாள். கண் சிவந்திருந்தது. ஆனால் உட்கார்ந்தாள்.

அன்று வாசித்தது கேட்கச் சகிக்கவில்லை. வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரில் மைக் செருகும் துளைக்குள் அந்தப் பெட்டியை இணைத்தோம். அவள் ஒரு கம்பியைத் தட்டினாள். மழைக்குளத்தில் தவளைகள் சண்டை போடுவது போல ஒரு கரகரப்பு. இன்னொன்றைத் தட்டினாள். குரல் நடுங்கி, உடைந்து, மேலும் கீழும் தாவியது. இடையில் எங்கிருந்தோ ஆகாசவாணியின் கன்னடச் செய்தி வேறு நுழைந்துவிட்டது. மந்திரி எங்கேயோ ஏரியைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா கிட்டாரை மடியில் கவிழ்த்துவிட்டாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பெர்னார்ட் பதறி எழுந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துல விழுந்துச்சா?" என்று அவனைக் கேட்டாள். "எனக்கு வயித்தக் கலக்குது."

அங்கேயிருந்துதான் தொடங்கியது. அடுத்த சில வாரங்கள் ஞாயிறு சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

முதலில் தெரிந்தது, குற்றம் பெட்டியில் இல்லை என்பது. டேப் ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழான சுரத்தைச் சொல்லவே முடியாது; முக்கி முனகத்தான் முடியும். ஜெசிந்தா ஆபீஸில் கழித்துப் போட்ட ஹெட்ஃபோன் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது பேச்சுக்கு மட்டும் லாயக்கு. நான் கடையிலிருந்து ஒரு நல்ல ஹெட்ஃபோனும், அதை இயக்க நானே சேர்த்துக் கட்டிய ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரும் கொண்டுபோனேன். டேப் ரெக்கார்டரிலிருந்து பாட்டும், கிட்டாரிலிருந்து வாசிப்பும் அதில் ஒன்றாக வந்து சேரும். எது எவ்வளவு வேண்டும் என்று இரண்டு குமிழ்களில் வைத்துக்கொள்ளலாம். அவள் அதை மாட்டிக்கொண்டு கம்பியைத் தட்டினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து, அது வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் காதில் விழுந்ததெல்லாம் வெறும் கம்பியின் டிக் டிக்தான்.

"இருக்கு," என்றாள் மெதுவாக. "ஆனா தண்ணிக்குள்ள இருக்கு."

அந்தத் தண்ணியிலிருந்து அதை மேலே கொண்டுவரத்தான் மிச்ச வாரங்கள் ஆயின. அந்தப் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் புரியும். பக்கத்துக் கம்பி லேசாக அதிர்ந்தாலும் எதைப் பின்தொடர்வது என்று குழம்பித் திக்கும். பெர்னார்ட் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீளமாக வெட்டி, கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பிகளுக்குக் கீழே செருகினான். அதிர்வு அடங்கியது. அடங்கியதும் வேறு தொல்லை. சுரம் சீக்கிரம் செத்தது, சாகும்போது பெட்டி மறுபடி திக்கியது. கவியரசனிடம் கம்ப்ரஸர் என்ற பெடல் ஒன்று இருந்தது. சத்தம் பெரிதாக வந்தால் அமுக்கும், சிறிதாகப் போனால் தூக்கும். அவனே அதைப் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். திக்கலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. முன்னால் வைத்ததும் சுரம் ஒரே சீராகப் பெட்டிக்குள் போனது, ஒரே சீராக வெளியே வந்தது.

கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில் கிட்டாரின் கழுத்துப் பக்கத்தில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, சத்தத்தின் கூர்மையைக் குறைத்தாள். மூலச் சத்தத்தின் குமிழை முழுக்க மூடி, கீழ் ஸ்தாயியின் குமிழை முழுக்கத் திறந்தாள். கன்னடச் செய்தி நல்ல ஒயர் போட்டதும் போய்விட்டது. பேட்டரிக்குப் பதிலாகச் சுவரில் செருகும் எலிமினேட்டரில் மின்சாரம் எடுத்தால் வண்டு போல இரைச்சல் வந்தது. டியூப் லைட்டை அணைத்தால் பாதி குறைந்தது. எலிமினேட்டர்களில் ஒன்றில் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருந்ததைக் கடைசி நிமிஷத்தில் பார்த்துப் பிடுங்கினேன். இல்லாவிட்டால் பெட்டியின் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பேட்டரிதான் நல்லது என்று முடிவு செய்தோம்.

பெடல்கள் தரையில் கால் பட்டுக் கால் பட்டு நகர்ந்துகொண்டே இருந்தன. பெர்னார்ட் பேக்கரியில் ஓரம் நெளிந்து கழிந்துபோன பிரெட் ட்ரே ஒன்றைக் கொண்டுவந்தான். கவிழ்த்துப் போட்டு, பைக் கடையில் வாங்கிய ஒட்டுப் பட்டையால் பெடல்களை அதன் முதுகில் ஒட்டினான். ஒயர்களை அடியில் விட்டான். அவள் வாசிக்கும்போது தகரம் அதிர்ந்து கிணுகிணுத்தது. சணல் சாக்கை வெட்டி உட்பக்கம் ஒட்டினான். பிறகு எந்தப் பெடல் எந்த இடத்தில் இருந்தால் அவள் கால் தேடாமல் போய்ச் சேரும் என்று அவளைச் செருப்பில்லாமல் நிற்க வைத்துப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு போட்டான். கேக்கின் மேல் பெயர் எழுதுபவனின் கோடு, அவ்வளவு நேர்த்தி.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் பாலசுப்ரமணியன் ஒருநாள் இறங்கி வந்தார். ஜெசிந்தா எழுந்து நின்றாள். "சத்தம் வருதா சார்?"

"சத்தம் வரலையேன்னுதான் வந்தேன்," என்றார் அவர். "சாயங்காலம் ஆனா மூணு பேரு கதவ மூடிக்கிறீங்க. ஒருத்தி தலைய ஆட்றா, ரெண்டு பேரு அவ மொகத்தயே பாக்கறீங்க. என்னதான்மா நடக்குது இங்க?" ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாள். முடிந்ததும் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சன்னாகிதே," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு மேலே போனார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் வாயிலிருந்து அது லேசில் வராது.

ஆனால் பெட்டி கொடுத்ததை வாங்கிக்கொள்ள அவள் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பு அவள் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவாள். இந்தப் பெட்டிக்கு அது ஆகாது. ஒவ்வொரு சுரமும் முழுதாக முடிந்து, இடைவெளி விட்டு, அடுத்தது பிறக்க வேண்டும். பல நாள் அதோடு மல்லுக்கு நின்றாள். பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகும் முன் வாசித்துக்கொண்டிருந்தவள் ஒரு ஹெட்ஃபோனைப் பெர்னார்டின் தலையில் மாட்டினாளாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்க ஒரு இணைப்பை நான் செய்து கொடுத்திருந்தேன். அவன் பேக்கரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், முழங்கைவரை மாவு.

"கொறைச்சு வாசிக்கிறேன்," என்றாளாம். "நல்லா இருக்கா?"

"எனக்கு என்னம்மா தெரியும்," என்றானாம் அவன். "ஆனா முன்னாடி நீ வாசிக்கும்போது ஓடிக்கிட்டே இருந்த மாதிரி இருக்கும். இப்ப நடக்கிற மாதிரி இருக்கு. கூட நானும் வரலாம் போல."

இதை அவள்தான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது காது நுனிவரை சிவந்தது.

1999இல் கவியரசனை அவன் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம். நான் சந்தானத்திடம் ஜெசிந்தாவைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சாதா கிட்டார்ல பேஸா? ஜனங்க சிரிப்பாங்கப்பா."

"ஜனங்களுக்கு என்னைக்கு பேஸ் தெரிஞ்சுது சார்?" என்று கேட்டேன்.

தொம்மலூரில் ஒரு கோயில் திருவிழா. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த சாயங்காலம், தெரு முழுக்கக் கூட்டம். ஜெசிந்தா பிரெட் ட்ரேயை மேடையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பெர்னார்ட் மேடையின் ஓரத்தில் சட்டைப் பை நிறைய பேட்டரியோடு நின்றான். முதல் நாலு பாட்டு அருமையாகப் போனது. மூன்றாவது பாட்டிலேயே சந்தானம் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். கச்சேரியின் கனம் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது, பழையபடி.

ஐந்தாவது ஒரு வேகமான கன்னடப் பாட்டு. ஜனம் எழுந்து ஆடத் தொடங்கியது. சரணம் ஆரம்பிக்கும் இடத்தில், ஸ்தாயியைக் கீழே இறக்கும் அந்த ஆக்டேவ் பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோனது. ஒன்றும் வரவில்லை. அவள் பெடலை மிதித்துப் பெட்டியைச் சத்தத்தின் வழியிலிருந்து விலக்கினாள்; சாதா கிட்டாரின் மெல்லிய குரல் மேலே வந்து டிங் டிங் என்றது. பேஸ் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். டிரம்ஸ்காரர் கால் மத்தளத்தை ஓங்கி மிதித்து மூட முயன்றார். நான் இடது கையைக் கீழே கொண்டுபோனேன். அவள் நிறுத்தவில்லை. அந்த மெல்லிய குரலிலேயே, கொஞ்சமும் அவசரப்படாமல், அதே நடையில் வாசித்துக்கொண்டு போனாள்.

அப்போது பெர்னார்ட் மேடைமேல் ஏறினான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, முட்டி போட்டு, நாலு காலில் தவழ்ந்து வந்தான். கூட்டம் முழுக்கப் பார்த்தது. அவள் காலடியில் படுத்துக்கொண்டு ஆக்டேவ் பெட்டியின் மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றினான். மாற்றிவிட்டு எழுந்திருக்கத் தெரியாமல் அங்கேயே குப்புறக் கிடந்தான். அவள் பெடலை மிதித்தாள். பல்லவி திரும்பிய இடத்தில் கீழ் ஸ்தாயி முழு கனத்தோடு வந்து விழுந்தது. கூட்டம் ஆவென்று கத்தியது. பாட்டுக்கா, பெர்னார்டுக்கா என்று யாருக்கும் தெரியாது.

"ஏந்திருங்க," என்றாள் ஜெசிந்தா, பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாட்டு முடியட்டும்," என்றான் அவன் தரையிலிருந்து.

அதற்குப் பிறகு அவள் குழுவை விடவில்லை. கவியரசன் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது சந்தானம் சங்கடப்பட்டார். அவனே, "அக்கா இருக்கட்டும் சார். நான் கிட்டார் வாசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டான். தன் கம்ப்ரஸரையும் திருப்பிக் கேட்கவில்லை. ஜெசிந்தா தன் பழைய பேஸை எடுத்துப் புதுக் கம்பி மாட்டி, கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெட் ட்ரேயோடு அவளும் போய் உட்கார்ந்தாள். ஊரிலேயே இரண்டு பேஸ் இருந்த ஒரே சர்ச் அதுவாகத்தான் இருக்கும். ஆண்கள் வரிசையில் நின்று மறுபடி பாடவும் செய்தாள்.

டெலிபோன் போர்டெல்லாம் இயந்திரமாகிப் போனபோது அவள் வேலை போயிற்று. அது 2003 என்று ஞாபகம். அதற்குள் பெர்னார்ட் நீலசந்திரா பக்கத்தில் சொந்தமாக ஒரு சிறு பேக்கரி போட்டிருந்தான். அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவே, பெடல்களும் ஆம்ப்ளிஃபயரும் குடியேறின. இப்போது ஒரு நல்ல பெரிய ஸ்பீக்கரும் வாங்கியிருந்தார்கள். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கடையை அவனிடம் விட்டுவிட்டு உள்ளே போவாள்.

ஒருநாள் நான் பஃப்ஸ் வாங்கப் போயிருந்தேன். உள்ளேயிருந்து பேஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் அவள் அம்மாவும் பிஸ்கட் வாங்க நின்றிருந்தார்கள். "அங்கிள், உள்ள என்ன மெஷின் ஓடுது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பெர்னார்ட் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னான்: "மெஷின் இல்லம்மா. எங்க வீட்டம்மா ரிகர்சல் பண்றாங்க. சனிக்கிழமை ஹலசூருல கச்சேரி. நீங்களும் வாங்களேன்."

"என்ன பாட்டு பாடுவாங்க?" என்றாள் அம்மாக்காரி.

அவன் என்னைப் பார்த்தான். அதற்குள் உள்ளேயிருந்து ஜெசிந்தா குரல் கொடுத்தாள்: "ஏங்க, அந்தப் பேட்டரிய எங்க வெச்சீங்க?" பெர்னார்ட் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, "கொஞ்சம் கடையப் பாத்துக்கோ," என்று உள்ளே ஓடினான்.